விரல் சுருக்கம் பார்க்கப்படும்

ஊரே கை நனைத்துக்கொண்டிருந்தது.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர் ஒரு கையால் குத்தினார். மறு கையை மேசைக்குக் கீழே வாளியில் ஊறப்போட்டிருந்தார். பல் மருத்துவர் வீட்டில் ஆளுக்கொரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு குடும்பமே தொலைக்காட்சி பார்த்தது. சலூனுக்கு வந்தவர்கள் தலையை நீட்டுவதற்கு முன்னால் விரலை நீட்டி, இது டால்பின் சுருக்கம்தானே என்று கேட்டார்கள். சலூன்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் டால்பினைப் பார்த்தது ஷாம்பு பாட்டிலின் மேல் மட்டும்தான்.

இத்தனை ஈரத்துக்கும் காரணம் ஆதிநீரார்.

ஆதிநீரார் ஆவதற்கு முன்னால் அவர் குளியலறைச் சாமான் கடையில் விற்பனையாளராக இருந்தார். கடை நொடித்துப்போனது. முதலாளி கிளம்பிவிட்டார், விற்காத தொட்டிகள் மட்டும் மாடியில் வரிசையாகக் கிடந்தன. அவற்றை என்ன செய்வதென்று யோசித்த நம் ஆள், தொட்டியை விற்பதைவிடத் தத்துவத்தை விற்பது எளிது என்று கண்டுகொண்டார். தத்துவத்துக்கு யாரும் உத்தரவாத அட்டை கேட்பதில்லை. ஒழுகினாலும் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

தத்துவம் ஒரு பழைய வார இதழில் அகப்பட்டது. மனிதனின் முன்னோர்கள் ஒருகாலத்தில் பாதி நாள் தண்ணீரிலும் பாதி நாள் கரையிலும் வாழ்ந்திருக்கலாம், அதனால்தான் நம் உடம்பில் ரோமம் குறைவு, தோலுக்கடியில் கொழுப்பு அதிகம், மூச்சை அடக்கவும் தெரிகிறது என்று சிலர் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார்கள். எலும்பு தோண்டி ஆராய்கிறவர்களில் பெரும்பாலோர், இதற்குப் போதிய ஆதாரம் இல்லை, இந்த ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லலாம் என்று மறுத்திருந்தார்கள். சொன்னது முன்பக்கத்தில் இருந்தது. மறுத்தது பின்பக்கத்தில் இருந்தது. ஆதிநீரார் பக்கத்தைத் திருப்பவில்லை.

அறிஞர்கள் வளைத்துப் போட்டிருந்த கேள்விக்குறியை இவர் நிமிர்த்தி ஆச்சரியக்குறி ஆக்கினார். அவ்வளவுதான் அவர் செய்த ஆராய்ச்சி. பாதி நாள் தண்ணீரில் இருந்த குரங்கு, இவர் வாயில் விழுந்து எழுந்தபோது முழு மீனாகிவிட்டது. மனிதன் கடலில் பிறந்தவன். ஒவ்வொருவனுக்கும் ஒரு கடல் வம்சம் உண்டு. சுறா, திமிங்கிலம், டால்பின், நண்டு, இறால், கடல்குதிரை. அந்த வம்சத்தின் முத்திரைதான் தண்ணீரில் ஊறிய விரலில் விழும் சுருக்கம். அதைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காலை பத்து மணிக்குமேல் மாடியில் கிடைப்பார்.

விரல் ஊறினால் நரம்பு கட்டளையிட்டு உள்ளே ரத்தக்குழாய் ஒடுங்குகிறது, மேல்தோல் மடிகிறது. எந்த மருத்துவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆனால் மருத்துவர் ‘நீ சுறா’ என்று சொல்ல மாட்டாரே. அங்கேதான் மருத்துவம் தோற்றது.

சுறா என்று சொல்லப்பட்டவர்கள் மறுநாளே அலுவலகத்தில் குரலை உயர்த்தினார்கள். கடல்குதிரை என்று சொல்லப்பட்டவர்கள் முதுகை நிமிர்த்தி நடந்தார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற ஒரு பயிற்சியாளருக்கு மட்டும், சந்தா கட்ட மறுத்ததால், ‘கரைக்குரங்கு’ என்று வந்துவிட்டது. பாவம், அவரிடம் யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. குளத்தில் ஆள் முழுகினால்கூட அவரைக் கூப்பிடத் தயங்கினார்கள்.

இந்தக் கூட்டத்தில் பேக்கரிக்காரர் ஒருவர் இருந்தார். கதை அவருடையது, அவர் மகளுடையதும்.

பேக்கரிக்காரர் நல்ல மனிதர், நல்ல பருமன். அடுப்பறைக்கும் கல்லாவுக்கும் நடுவில் இருந்த சின்னக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைவார். வாடிக்கையாளர்கள் அவர் தொப்பையைப் பார்த்து, ரொட்டி உப்பியிருக்கிறதே என்பார்கள். அவரும் சிரிப்பார். ராத்திரி சட்டையைக் கழற்றும்போது சிரிப்பையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். இது அவர் மனைவிக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும்.

ஒரு நாள் அவர் மாடி ஏறினார். ஆதிநீரார் அவர் விரலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கண்ணை மூடினார். “திமிங்கிலம். அரச வம்சம். இது தொப்பை இல்ல, பெருங்கடல் உங்களுக்குப் போர்த்திவிட்ட போர்வை” என்றார்.

அன்றைக்குப் பேக்கரிக்காரர் படியிறங்கிய அழகே வேறு. தொப்பை முன்னால் போக, அவர் பின்னால் மெய்க்காப்பாளர் மாதிரி வந்தார். சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். கடையில் நீல விளக்கு போட்டார். மீன் வடிவத்தில் பிஸ்கட் சுட்டார். மனைவி எல்லாவற்றையும் கவனித்தார். மனிதர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவி எத்தனையோ வருடமாயிற்று, இப்போது சீவுகிறார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மகளும் அப்படித்தான் நினைத்தாள், தன் கல்யாணத்தில் கை வைக்கிறவரை.

அவள் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, எந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறது என்று சோதிக்கிற வேலை. கடை இரண்டாவது மாடியில். ஒரு நாள் லிப்ட் நடுவில் நின்றுவிட, மெக்கானிக் ஒருவன் வந்து அவளை மீட்டான். அதற்குப் பிறகு அந்த லிப்ட் அடிக்கடி பழுதானது. ஏன் என்று லிப்டைத்தான் கேட்க வேண்டும். பையன் தங்கமானவன், வீட்டுக்கு வந்து பேசினான். இரண்டு குடும்பமும் ஒத்துக்கொண்டு மண்டபம்கூடப் பேசியாயிற்று.

எதற்கும் ஆதிநீராரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் பேக்கரிக்காரர். போனார்கள்.

மாடியில் ஜோடிப் பொருத்தம் பார்ப்பதற்கென்று தனி ஏற்பாடு இருந்தது. முகம் பொய் சொல்லும், விரல் பொய் சொல்லாது என்பது ஆதிநீராரின் கொள்கை. அதனால் நடுவில் கனமான திரை. திரையில் இரண்டு ஓட்டை. அந்தப் பக்கம் இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் வலது கையையும் மற்றவர் இடது கையையும் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து ஓட்டை வழியாக நீட்ட வேண்டும். இந்தப் பக்கம் ஆதிநீரார். அவருடைய மைத்துனர் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுப்பார். அதைக்கொண்டு அவர் கைகளை ஒற்றியெடுத்து, ஒலிபெருக்கியில் தீர்ப்புச் சொல்வார். கூடம் நிறையக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும். துண்டை ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தீர்ப்பு வந்தது. பெண் கடல்குதிரை. பையன் நண்டு. சேர்ந்தால் குடும்பம் ஒரு கரையில் ஒதுங்காது. பரிகாரமாகப் பெண் உப்புநீர்க் குளியல் எடுக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதைக் கடல் சொல்லும்.

லிப்ட் மெக்கானிக் முதலில் சிரித்தான். படியில் பக்கவாட்டில் நடந்து காட்டி அவளையும் சிரிக்கவைத்தான். வீட்டுக்குப் போனதும் பேக்கரிக்காரர் மண்டபத்துக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மகள் கெஞ்சினாள், கோபித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா அசையவில்லை. அவரைத் திட்டவும் அவளால் முடியவில்லை. அந்த மனிதர் தன்னைத் திமிங்கிலம் என்று நம்பி முதல்முறையாகத் தலை நிமிர்ந்து நடக்கிறார். அதைப் பிடுங்குவது எப்படி? ஆனால் தன் வாழ்க்கையை ஒரு தொட்டிக்குள் ஊறப்போடுவதும் எப்படி?

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவள் எதிரில் போய் நின்றாள்.

“அப்பா, எங்க கடையில ஒரு பழக்கம் இருக்கு” என்றாள். “ஒருத்தருக்கு ஒரு கண்ணாடி போட்டுக் காட்டுவோம். அப்புறம் மாத்துற மாதிரி கையை அசைச்சிட்டு, அதே கண்ணாடியையே திரும்பவும் போடுவோம். சில பேரு, ஆங், இப்பதான் பளிச்சுனு இருக்குன்னு சொல்வாங்க. அப்ப அவங்க கண்ணால பார்க்கல, மனசால பார்க்குறாங்கன்னு புரிஞ்சிடும்.”

“அதுக்கு?”

“உங்க ஆசானுக்கும் ஒரே கண்ணாடிய ரெண்டு தடவை போட்டுப் பார்ப்போம்.”

அவள் விளக்கினாள். அப்பா மாவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். சொல்லி முடித்ததும் அவர் கோபப்படவில்லை. மாறாக, பிள்ளை அறியாமல் பேசுகிறதே என்கிற மாதிரிப் புன்னகை செய்தார்.

“சரிம்மா. ஆசான் சரியாச் சொல்லிட்டா, நீ லிப்ட்காரனை மறந்துடணும்.”

“மறந்துடுறேன். தப்பாச் சொன்னா?”

“நானே மண்டபத்துக்குப் போன் பண்றேன்” என்றார் திமிங்கிலம், பெருந்தன்மையோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடம் பிதுங்கியது. மைத்துனர் வரிசையில் நடுநடுவே புகுந்து, வந்தவர்களிடம் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். என்ன விஷயமாக வந்தீர்கள், யாருக்கு யார், உங்களுக்குச் சம்மதமா, மனசில் என்ன குறை. அவ்வளவு பரிவாகக் கேட்பார். சொந்தத் தம்பியிடம்கூடச் சொல்லாததை ஜனம் அவரிடம் கொட்டும்.

அன்றைக்கு அவரிடம் கொட்டியது கண்ணாடிக்கடையின் முதலாளியம்மா. அந்த அம்மாளுக்கு நாடகம் என்றால் உயிர், வாய்ப்புத்தான் வாய்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தனக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் கூட்டாக ஒரு கடை வைக்கப்போவதாக ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், பெரியவன் முரடன், சின்னவன் அப்பாவி, சின்னவனை இவன் மென்று விழுங்கிவிடுவான், எப்படியாவது பிரித்துவிட்டால் நிம்மதி என்று அழுதார். நிஜமாகவே கண்ணீர் வந்தது. பிள்ளைகள் எங்கே என்று மைத்துனர் கேட்டார். அதோ திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள், கூச்ச சுபாவம் என்றார். அந்த அம்மாளுக்குப் பிள்ளையே கிடையாது.

திரைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளையும் ஒட்டிப் போட்டு, இரண்டிலும் சேர்த்து உட்கார்ந்திருந்தவர் பேக்கரிக்காரர் ஒருவர்தான். வலது கையை ஒரு தொட்டியிலும் இடது கையை மறு தொட்டியிலும் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். மோதிரத்தை மட்டும் கழற்றி மகளிடம் கொடுத்திருந்தார். முகத்தில் பரம சாந்தம். ஆசான் கையைத் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார், இரண்டும் ஒரே திமிங்கிலத்தின் கை என்று ஊரறியச் சொல்லப்போகிறார், மகள் வெட்கப்படப்போகிறாள் என்று காத்திருந்தார்.

முறை வந்தது. திரையின் ஓட்டைகளில் இரண்டு கைகள் முளைத்தன. இரண்டும் தடி, இரண்டும் வெள்ளை வெளேரென்று ஊறிச் சுருங்கியவை. பார்க்கிற கண் இருந்தால், அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருப்பது தெரிந்திருக்கும். மைத்துனர் துண்டு கொண்டுவந்தார். ஆதிநீரார் துண்டை வாங்கிப் பார்த்தார். கையைத் தடவினார். கண்ணை மூடினார்.

வலது கைக்காரர் சுறா என்றது ஒலிபெருக்கி. மூர்க்கமான சுறா, கோபம் மூக்கு நுனியில். இடது கைக்காரர் இறால். சாது, முதுகெலும்பே இல்லாத பிறவி. கூட்டத்தில் ‘ச்சு ச்சு’ என்று இறாலுக்காக ஒரு பரிதாப ஓசை எழுந்தது.

“இந்த ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது” என்றார் ஆதிநீரார். “ஒரு தொழிலும் சேர்ந்து செய்யக்கூடாது. மீறினா சுறா இறாலை விழுங்கிடும். இன்னைக்கே பிரிச்சு வைங்க. ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிடுங்க.”



திரைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் கிறீச்சிட்டன. சுறாவும் இறாலும் ஓட்டையிலிருந்து உள்ளே போயின. அடுத்த கணம் அவை இரண்டும் சேர்ந்து திரையின் விளிம்பைப் பிடித்து ஒதுக்கின. நடுவில் பேக்கரிக்காரர் தனியாக நின்றார்.

கூட்டம் அவருக்குப் பின்னால் இன்னொரு ஆளைத் தேடியது. சிலர் நாற்காலிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். பருமனான மனிதர்தான், ஆனாலும் ஒருவர்தான்.

“திமிங்கிலம் எங்க போச்சு?” என்று கேட்டார் அவர். மெதுவாகத்தான் கேட்டார். ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது.

ஆதிநீரார் வாயைத் திறந்தார், மூடினார். அன்று அவரிடம் மீனைப் போல இருந்தது அது ஒன்றுதான்.

பேக்கரிக்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “முப்பது வருஷமா இந்த ரெண்டும் சேர்ந்துதான் மாவு பிசையுது. ஒருநாளும் சண்டை போட்டு நான் பார்த்ததில்ல. இதுல எந்தக் கைய எந்த ஊருக்கு அனுப்புறது, நீங்களே சொல்லுங்க.”

முதலில் சிரித்தது தபால் நிலையத்துக்காரர். அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல் மருத்துவர் குடும்பமே வாய் தெரியச் சிரித்தது. ஆதிநீரார் ஒருவழியாகக் குரலை மீட்டுக்கொண்டு, ஒரே மனிதனுக்குள் இரண்டு வம்சம் ஓடுவது அபூர்வம், கோடியில் ஒருவருக்கு நேரும் என்று ஆரம்பித்தார். சொல்லப்போனால் அது நல்ல யோசனைதான். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அதையும் நம்பியிருப்பார்கள். கெடுத்தவர் மைத்துனர். எல்லோரும் தன்னையே முறைப்பதாக நினைத்து மனிதர் பதறிவிட்டார்.

“நான் சரியாத்தான் குடுத்தேன் அத்தான்” என்றார் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. “அந்தம்மா பிரிக்கணும்னு அழுதாங்க. பிரிக்கணும்னா நீலத் துண்டுதானே? நீலத் துண்டுதான் குடுத்தேன். ஒருத்தன் முரடன், ஒருத்தன் சாது, கூட்டுக் கடைன்னு மடிப்புல சீட்டும் வச்சேன்.”

 கூடத்தில் ஒரே சலசலப்பு. ஜோடி ஜோடியாக வந்து பார்த்தவர்கள் எல்லாம் வீட்டிலிருக்கும் துண்டின் நிறத்தை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். எங்களுக்கு வெள்ளை, சேரச் சொன்னார் என்றார் ஒருவர். எங்களுக்கு நீலம், நான்தான் வரிசையில் நிற்கும்போது மருமகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன் என்று ஒரு மாமியார் வாய்தவறிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் மருமகள் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த மருமகளோ மாமியாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று ஆதிநீராரையே தோற்கடிக்கும் தெளிவோடு எதிர்காலம் உரைத்தாள்.

பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மகள் பக்கத்தில் வந்து மோதிரத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் போட முயன்றார். ஊறிய விரலில் ஏறவில்லை.

அன்றைக்கு நம் வீட்டுத் துண்டு என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றாள்.

மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வரிசையில அந்த ஆள் கேட்டான். ஒரே பொண்ணு, அவ போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும்னு நான்தான் சொன்னேன்” என்றார் பிறகு. “மாப்பிள்ளை எந்நேரமும் கயித்துல தொங்குற வேலை பார்க்குறான்னும் சொன்னேன். என் பயத்தை எனக்கே துண்டுல சுத்திக் குடுத்திருக்கானுங்க.”

“அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே அப்பா.”

“சொன்னா, அப்பனுக்குச் சுயநலம்னு நினைப்ப. கடல் சொல்லுதுன்னா பேச்சு இல்லையே.”

அவள் அவர் கையைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். பிறகு, உங்களை நிமிர்ந்து நடக்கவைத்தது அந்த ஆள் இல்லை, நடந்தது நீங்கள்தான், அதை யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று காதருகே சொன்னாள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, போனை எடுத்து மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டார்.

இதற்குள் ஆதிநீரார் பின்கதவுப் பக்கம் நகர்ந்திருந்தார். கூட்டம் அவரை அடிக்கவில்லை. அடிக்கிற அளவுக்கு மூச்சு மிச்சமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அவரைத் தொட்டிக்குள் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, ஐயா எந்த வம்சம் என்று பார்க்கலாம் என்றார். பார்த்தார்கள். கூட்டம் ஒருமனதாக விலாங்கு என்று தீர்ப்பளித்தது. காவல் நிலையத்திலிருந்து வந்தவர்கள் அவரையும் மைத்துனரையும் நனைந்த உடையோடே வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போதும் மைத்துனர், நான் சரியான துண்டுதான் கொடுத்தேன் என்று முனகிக்கொண்டிருந்தாராம்.

கல்யாணம் நடந்தது. நீச்சல் பயிற்சியாளரிடம் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். தபால் நிலையத்தில் இரண்டு கையாலும் வேலை நடக்கிறது.

வார இதழில் வந்த அந்தக் கருத்து மட்டும் இன்னும் சர்ச்சையிலேயே இருக்கிறது. இருக்கட்டும். நம் முன்னோர்கள் நீரில் இருந்தார்களா, மரத்தில் இருந்தார்களா என்பதை எலும்பு தோண்டுகிறவர்கள் ஆதாரத்தோடு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். அது கௌரவமான சண்டை. எங்கே இருந்திருந்தாலும், அவர்கள் தலையைக் கழுத்துக்கு மேலேதான் வைத்திருந்தார்கள். நமக்கும் அது அங்கேதான் இருக்கிறது. குளித்துவிட்டுத் துவட்டுவதற்கு மட்டும் இல்லை, கொஞ்சம் யோசிப்பதற்கும் அது பயன்படும்.